அம்மம்மாவின் அரைப் பனடோல்



போன மாரிகாலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் வாலிபர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "அக்கா, பூனை ஒரு மாதிரிக் கிடக்குது. மூஞ்சி வீங்கியிருக்கு. காலையிலை மதிலாலை குதிச்சு நொண்டினது. இப்ப சாப்பிடுதும் இல்லை. என்ன செய்யிறது?"

அனுப்பியவள் ஏ லெவல் படிக்கும் ஒரு தங்கை. கேள்வி வந்தது சபையில் தாதியாக இருக்கும் அக்காவுக்கு. அந்த அக்காதான் இதை எழுதுகிறார். மனிதருக்குத் தாதி என்றால் பூனைக்கும் தாதி என்றுதான் எங்கள் ஆட்கள் நினைக்கிறார்கள். அன்றிரவு காரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவன் வீட்டில் நாய் வளர்க்கும் ஒரு தம்பி. இந்தக் கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது இந்த மூன்று பேரும்தான்.

நாங்கள் முதலில் செய்தது, சபையில் மிருக வைத்தியராக இருக்கும் அக்காவைத் தொலைபேசியில் பிடித்தது. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். போட்டால் ஞாயிற்றுக்கிழமை தேநீர் நேரமும் கிளினிக் ஆகிவிடுமாம். (அது ஏற்கெனவே ஆகிவிட்டது என்பது அவருக்கும் தெரியும்.)

அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து குடுத்தனீங்கள்?"

"ஒண்டும் குடுக்கேல்லை." வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கோ. என்ன நிறம்?"

இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய முரசு சொக்லேட் நிறத்தில் இருந்தது. மூச்சு வேகமாக ஓடியது. முன்கால் பாதங்களும் வீங்கியிருந்தன. இதைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு கணம் சத்தம் இல்லை. பிறகு அக்கா கேட்டார், "வீட்டிலை பனடோல் போடுறது ஆர்?"

முழங்கால் வலிக்குப் பனடோல் போடுகிறவர் அம்மம்மா. அவர் கதவோரம் நின்றிருந்தார். எங்கள் எல்லோருடைய முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார், "அரைதான் பிள்ளை. அஞ்சு மணி போலை மீனுக்குள்ளை வைச்சுக் குடுத்தனான். நொண்டுது, பாவம், வாயில்லாச் சீவன் எண்டு."

ஐந்து மணிக்குக் கொடுத்தது ஒன்பதே முக்காலுக்குத்தான் வெளியே வந்தது. அந்த நாலே முக்கால் மணித்தியாலத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

அரைக் குளிசை என்றால் 250 மில்லிகிராம். அம்மம்மாவுக்கு அது ஒன்றுமே இல்லை. நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு அது நஞ்சு. எங்களுடைய ஈரல் பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் முக்கியமான வழி ஒன்று பூனையின் ஈரலில் சரியாக வேலை செய்வதில்லை. உடைபடாத மருந்து நச்சுப் பொருளாக மாறி முதலில் இரத்தத்தைத் தாக்குகிறது. ஒட்சிசனைச் சுமக்க வேண்டிய சிவப்பு அணுக்கள் அதைச் சுமக்க முடியாமல் போகின்றன, இரத்தமே கபில நிறமாகிறது. முரசு சொக்லேட் நிறமானது அதனால்தான். மனிதர் அளவுக்கு மேல் பரசிட்டமோல் எடுத்தால் ஈரல் பழுதாவது சில நாட்கள் சென்றபின் தெரியவரும். பூனைக்குச் சில மணித்தியாலங்களே போதும்.

வைத்திய அக்கா தொலைபேசியில் மருந்து எதுவும் சொல்லவில்லை. "உடனே வெளிக்கிடுங்கோ, பனடோல் பெட்டியையும் கொண்டு போங்கோ" என்றார். இங்கிலாந்தில் எந்தக் கிளினிக்காக இருந்தாலும் தன்னிடம் பதிந்த மிருகங்களுக்கு 24 மணித்தியாலமும் அவசர உதவி கிடைக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும். சிலர் தாங்களே பார்ப்பார்கள், பலர் இரவு நேரத்தை வேறொரு அவசரக் கிளினிக்குக்குக் கொடுத்திருப்பார்கள். வழமையான இலக்கத்துக்கு அடித்தால் பதிவுக்குரல் எங்கே போவது என்று சொல்லும். அன்று அப்படித்தான் நாங்கள் வழி கண்டுபிடித்தோம். தம்பி ஓட்டினான், தங்கை பின் இருக்கையில் பூனையின் கூடையை மடியில் வைத்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவசரக் கிளினிக்கில் பூனையை ஒட்சிசன் கூண்டுக்குள் வைத்து, கையில் ஊசி ஏற்றி, மாற்று மருந்து தொடங்கினார்கள். அந்த மருந்தின் பெயரைப் பார்த்ததும் எங்களில் தாதியாக இருப்பவருக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது: அசெற்றைல்சிஸ்டீன். மருத்துவமனையில் அளவுக்கு மேல் பனடோல் விழுங்கிவிட்டு வருகிறவர்களுக்கு நாங்கள் ஏற்றுவதும் அதே மருந்துதான். அங்கேயும் முதலில் கேட்கும் கேள்விகள் இவைதான்: எத்தனை மணிக்கு, எவ்வளவு, உடல் எடை என்ன. மனிதரிடம் இரத்தம் எடுத்து அளவு பார்க்கலாம். இங்கே, அம்மம்மா வாய் திறக்கும்வரை, எவருக்கும் எதுவும் தெரியவில்லை.

பூனை பிழைத்தது. மூன்று நாள் அங்கேயே இருந்தது. காப்புறுதி எடுத்திருக்கவில்லை, பில் ஆயிரம் பவுண்ஸைத் தாண்டியது. அம்மம்மா தன் பென்ஷன் காசு வைத்திருந்த உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். தங்கையின் அம்மா அதைத் திருப்பி அவருடைய கையில் கொடுத்தார். அதைப்பற்றி அந்த வீட்டில் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. இதை எழுதலாமா என்று அம்மம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். "எழுது, மற்றக் கிழவிகளும் குடுக்கப் போகினம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் எங்களுக்கு அக்காவின் வேலை என்னவென்று பார்க்கும் ஆசை வந்தது. தங்கைக்கு மிருக வைத்தியம் படிக்கும் எண்ணமும் இருந்தது. கிளினிக்கிலும் மிருகங்களைக் கொண்டுவந்தவர்களிடமும் அனுமதி கேட்டு, இரண்டு சனிக்கிழமைகள் ஒரு மூலையில் நின்று பார்த்தோம்.

நாய்க்குட்டிகளைக் கொஞ்சுகிற வேலை என்று நினைத்துப் போனவர்கள் நாங்கள். காலை எட்டு மணிக்கு இரவு தங்கிய நோயாளிகளைப் பார்ப்பதில் தொடங்கியது. அதன்பின் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி. அந்தப் பதினைந்துக்குள் மிருகத்தை மேசைக்கு எடுக்க வேண்டும், உடையவரின் கதையைக் கேட்க வேண்டும், தலையிலிருந்து வால்வரை சோதிக்க வேண்டும், என்ன செய்யலாம், எவ்வளவு செலவாகும் என்று சொல்ல வேண்டும், எழுதி வைக்க வேண்டும். நடுவில் ஆய்வுகூடத்து முடிவுகளைச் சொல்லத் தொலைபேசி அழைப்புகள். மதிய உணவு என்று நாங்கள் கண்டது நின்றபடி தின்ற அரை சான்ட்விச். வைத்தியர் ஒருவரே இரத்தம் எடுக்கிறார், எக்ஸ்ரே பார்க்கிறார், பல் பிடுங்குகிறார், மயக்கம் கொடுத்து வெட்டித் தைக்கிறார். மருத்துவமனையில் இத்தனைக்கும் ஆறு பிரிவுகள், ஆறு கடிதங்கள்.

எங்கள் அளவுகோல்கள் அங்கே செல்லாது என்பது முதல் நோயாளியிலேயே தெரிந்தது. ஒரு நாயின் உடல் வெப்பம் 38.7 என்றார்கள். வார்டில் அது காய்ச்சல், குறித்து வைத்து மருத்துவரைக் கூப்பிட வேண்டிய காய்ச்சல். நாய்க்கும் பூனைக்கும் அது சாதாரணம். மேசையில் இருக்கும் பூனையின் இதயம் நிமிடத்துக்கு இருநூறு தடவை அடித்தாலும் அக்கா முகம் மாறவில்லை. வலி எவ்வளவு, பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்று எங்கள் நோயாளியைக் கேட்கலாம். இங்கே வலியைக் கண்டுபிடிக்க, பூனை வழமையாக ஏறும் ஜன்னல் விளிம்பில் ஏறுகிறதா என்று வீட்டுக்காரரைக் கேட்கிறார். பூனை வலியை ஒளிக்கும் மிருகம். சுருண்டு கிடந்து நித்திரை கொள்கிறது என்று நாம் நினைப்போம்.

அதனால் இந்த வேலையில் பாதி, மனிதரிடமிருந்து உண்மையைப் பெறுவது. அக்கா இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று காலையே ஒரு கதை நடந்தது. தள்ளாடித் தள்ளாடி, கூப்பிட்டால் திடுக்கிட்டு, நின்ற இடத்தில் சலம் ஒழுக ஒரு இளம் நாயைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த பையனுக்கு எங்கள் தம்பியின் வயதிருக்கும். பூங்காவில் எதையோ தின்றது என்றான். அக்கா அவனுடைய அப்பாவை வரவேற்பு மேசையில் படிவம் நிரப்ப அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "நான் பொலிஸ் இல்லை. எனக்கு அந்த நாய் மட்டும்தான். கஞ்சாவா?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார். பையன் தலையை ஆட்டினான். எவ்வளவு, எப்போது, பிஸ்கட்டில் சேர்த்ததா, அதில் சொக்லேட்டும் இருந்ததா என்று அடுத்தடுத்துக் கேட்டு எழுதிக்கொண்டார். அவன் சொல்லியிராவிட்டால் மூளையில் ஏதாவது கோளாறா, அடிபட்டதா, வேறு நஞ்சா என்று தேடித் தேடிச் சோதனை செய்திருப்பார்கள். காசும் போயிருக்கும், நேரமும் போயிருக்கும். இதைச் சபைச் சஞ்சிகையில் எழுதலாமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு வாதம் நடந்தது. எழுதுவோம் என்று முடிவெடுத்தோம்.

எங்கள் தம்பியும் ஒரு கதையை ஒப்புக்கொண்டான். நத்தாருக்கு அவர்கள் வீட்டில் செய்த ரிச் கேக்கை, எண்ணெய்த்தாள் சுற்றிய துண்டுகளை, நாய் மேசையிலிருந்து இழுத்துத் தின்றுவிட்டது. கேக்தானே என்று அப்பா சிரித்தார். அந்தக் கேக்கில் என்ன இருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும்: ரவை, முட்டை, கஜு, பிராண்டி, கை நிறையப் பிளம்ஸ். திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. எந்த நாய்க்கு எத்தனை பழம் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஒன்று கைப்பிடி தின்றும் தப்பும், இன்னொன்று கொஞ்சத்திலேயே விழும். தம்பி அரை மணித்தியாலத்துக்குள் கிளினிக்குக்கு அடித்து, ஆறு துண்டு, இத்தனை மணிக்கு, நாய் பதினெட்டுக் கிலோ என்று சொன்னான். கூட்டிவரச் சொல்லி, ஊசி போட்டுச் சத்தி எடுக்க வைத்தார்கள். எண்ணெய்த்தாளும் வெளியே வந்ததாம். நாய் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மம்மாவின் பூனைக்கு மூன்று நாள், தம்பியின் நாய்க்கு ஒரு பின்னேரம்.

வீட்டிலேயே உப்புத் தண்ணீர் பருக்கிச் சத்தி எடுக்க வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்களாம். வேண்டாம். உப்பே நாயைக் கொல்லும்.

நம் சமையலறையைச் சுற்றி ஒரு பார்வை விட்டால் பயமாகத்தான் இருக்கிறது. வெங்காயமும் உள்ளியும் நாய்க்கும் பூனைக்கும் சிவப்பு அணுக்களை உடைப்பவை. கேடு உடனே தெரியாது, சில நாள் கழித்துத்தான் சோர்வும் வெளிறிய முரசும் வரும். அதற்குள் கறிச்சோறு கொடுத்ததை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள். வெங்காயம் போடாத கறி எங்கள் வீடுகளில் ஏது? சமைத்த ஆட்டெலும்பும் கோழியெலும்பும் கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். சீனி இல்லாத சுவிங்கத்தில் உள்ள சைலிட்டோல் நாயின் இரத்தச் சீனியை மளமளவென்று இறக்கிவிடும், அதனால் உங்கள் புத்தகப் பையை நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். நூரோஃபன் போன்ற வலி மாத்திரைகள் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கென்று விற்கும் சில தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. அதைப் பூனையின் கழுத்தில் விட்டால் உடல் நடுங்கி வலிப்பு வரும். நாய்க்குப் பூசிய மிச்சத்தைப் பூனைக்குப் பூசுவது எங்கள் சிக்கனப் புத்திக்கு மிகவும் இயல்பாக வருகிற காரியம்.

இன்னொன்று எங்கள் சபைக்கென்றே சொல்ல வேண்டியது. உயிர்த்தெழுந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பீடத்து லில்லிப் பூக்களைப் பிரித்து, வயதானவர்களின் வீடுகளுக்கு நாங்கள்தானே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பூனை உள்ள வீட்டுக்கு லில்லி போகக் கூடாது. இதழ், இலை, தண்டு எல்லாமே நஞ்சு. ரோமத்தில் விழுந்த மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் பூனையின் சிறுநீரகம் போய்விடும். நாய்க்கு அவ்வளவு இல்லை. அக்கா இதைச் சொன்னபோது நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். போன வருடம் அந்தப் பூக்களைக் காரில் வைத்துக் கொண்டுபோனவர்கள் நாங்களேதான். இந்த வருடம் கொடுக்கும் முன் வாசலில் ஒரு கேள்வி கேட்போம்.

தேநீர் நேரத்தில் அக்காவிடம் அதிகம் வரும் கேள்வி வேறு. "ஒரு தரம் குட்டி போட விட்டிட்டு ஒப்பரேஷன் செய்வமே? பாவமெல்லே." ஒரு தடவை குட்டி போடுவதால் நாய்க்கோ பூனைக்கோ உடல்நலத்தில் நன்மை எதுவும் இல்லை என்பது அவருடைய பதில். ஒப்பரேஷன் செய்யாத பெண் நாய்க்கு, பருவம் வந்து போன சில கிழமைகளில் கருப்பையில் சீழ் கட்டலாம். தண்ணீர் தண்ணீராகக் குடிக்கும், சாப்பாட்டை வெறுக்கும், சில நேரம் பின்பக்கம் கசியும், சில நேரம் கசிவே இராது. அப்போது நடுச்சாமத்தில், நோயுற்ற உடம்பில், அதே ஒப்பரேஷனைச் செய்ய வேண்டிவரும். எந்த வயதில் செய்வது என்பது இனத்துக்கும் அளவுக்கும் ஏற்ப மாறும். அதை உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

ஆண் பூனை வைத்திருக்கிறவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் படியுங்கள். மண் பெட்டிக்குள் போய்ப் போய்க் குந்தி, முக்கி, கத்தி, சலம் வராமல் திரும்பி வந்தால் அது மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்குவார்கள். அநேகமாகச் சலவழி அடைத்திருக்கும். இரண்டொரு நாளில் உயிர் போய்விடும். காலைவரை காத்திருக்கிற நோய் இல்லை இது. மற்றவற்றில் எது அவசரம் என்று தெரியாதபோது, மிருகம் நித்திரையில் இருக்கையில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். நாயோ பூனையோ ஆழ்ந்த நித்திரையில் முப்பதைத் தாண்டிக்கொண்டே இருந்தால் அழைத்துச் சொல்லுங்கள். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, கைத்தொலைபேசிக் கடிகாரம் போதும்.

பெற்றோர்கள் கேட்பது விசர்நாய்க்கடி பற்றி. ஊரில் நாய் கடித்து இறந்தவர்களை நேரில் கண்ட தலைமுறை அவர்கள், அந்தப் பயத்தைக் கிண்டல் செய்யாதீர்கள். பிரித்தானியாவில் நாய், பூனைகளிடையே அந்த நோய் பல பத்தாண்டுகளாக இல்லை. அதனால் இங்கே அந்த ஊசி வழமையான தடுப்பூசிகளில் சேராது, நாயை வெளிநாட்டுக்குக் கொண்டு போவதென்றால்தான் போடுவார்கள். ஆனால் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் அங்கே நாயோ பூனையோ கடித்தால், கீறினால், தாதியாக ஒரு வார்த்தை: ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். லண்டனுக்கு வந்து பார்ப்போம் என்று விட வேண்டாம். அறிகுறி வந்த பிறகு செய்வதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

காசு. இதைக் கடந்து போக முடியாது. மிருகங்களுக்கு என்.எச்.எஸ். இல்லை. பில்லில் 20 வீத வற்றும் சேர்ந்தே வரும். "மிருகத்திலை விருப்பம் எண்டால் ஏன் இவ்வளவு காசு கேக்கிறீங்கள்?" என்று அக்காவின் முகத்துக்கு நேரே கேட்டவரை இரண்டாவது சனிக்கிழமை பார்த்தோம். அக்கா கோபிக்கவில்லை, ஆனால் அடுத்த நோயாளிக்கு முன் ஒரு நிமிடம் கை கழுவிக்கொண்டே நின்றார். எவ்வளவு வரும் என்று ஆரம்பத்திலேயே கேட்பதில் வெட்கம் இல்லை, என்னிடம் இவ்வளவுதான் உண்டு என்று சொல்வதிலும் இல்லை என்கிறார். தெரிந்தால் அதற்குள் செய்யக்கூடியதை அவர்கள் யோசிப்பார்கள். நீண்டகால மருந்தென்றால் எழுத்தில் மருந்துச்சீட்டுக் கேட்டு வாங்கி வெளியே மலிவாக எடுக்கலாம். சீட்டுக்கு ஒரு கட்டணம் உண்டு. காப்புறுதி எடுப்பதானால் குட்டியாக இருக்கும்போதே எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கு அவர்கள் பொதுவாகத் தர மாட்டார்கள். அரச கொடுப்பனவில் வாழும் குடும்பங்களுக்குப் பி.டி.எஸ்.ஏ. என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. 1917இல், போர்க்காலத்தில், மரியா டிக்கின் என்ற பெண்மணி கிழக்கு லண்டனின் வைட்சப்பலில், ஏழைகளின் மிருகங்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கத் தொடங்கியது அது. நீங்கள் இருக்கும் இடத்தையும் வருமானத்தையும் பொறுத்து உதவி கிடைக்கும்.

நாய் வைத்திருப்பவர்கள் 2016 முதலே மைக்ரோசிப் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் பூனைக்கும் 2024 யூன் 10 முதல் சட்டம் வந்துவிட்டது, இருபது கிழமை வயதுக்கு முன் வைக்க வேண்டும், தவறினால் 500 பவுண்ஸ்வரை தண்டம். வீடு மாறினால் சிப்பின் பதிவிலும் விலாசத்தை மாற்றுங்கள். பழைய தொலைபேசி இலக்கத்தோடு அலையும் சிப்புகள் ஏராளமாம்.

இரண்டாவது சனிக்கிழமை பின்னேரம் ஒரு வயதான லாப்ரடோரைக் கொண்டுவந்தார்கள். பதினான்கு வயது. பின்கால்கள் தூக்கவில்லை, சாப்பிட்டு மூன்று நாள். அவர்கள் எங்களை வெளியே போகச் சொல்லவில்லை, நாங்களாகவே போக எழுந்தோம். வீட்டுக்காரர், வெள்ளைக்கார முதியவர், நில்லுங்கள் என்று கையால் காட்டினார். அக்கா நிலத்தில் நாயின் பக்கத்தில் அமர்ந்தார். என்ன நடக்கும், எவ்வளவு நேரம் எடுக்கும், கண் திறந்தே இருக்கும், கடைசியில் ஒரு மூச்சு வரலாம், அது வலி இல்லை என்று ஒவ்வொன்றாக முன்பே சொன்னார். அளவு கூடிய மயக்க மருந்துதான் அது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வார்டில் மரணங்களைப் பார்த்துப் பழகிய கை எங்களில் ஒருவருக்கு இருந்தும், அன்று நடுங்கியது. மனிதருக்கு நாங்கள் வலியைக் குறைப்போம், பக்கத்தில் இருப்போம், அந்த ஊசி எங்கள் கையில் இல்லை. இவர்கள் காலையில் குட்டிக்குத் தடுப்பூசி போட்ட அதே கையால் பின்னேரம் இதையும் செய்கிறார்கள், உடனே அடுத்த அறைக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு பூனையின் நகம் வெட்டுகிறார்கள். நம் ஆட்கள் இது பாவமா என்று கேட்பார்களே என்று தங்கை கேட்டாள். "அது பாவமோ எண்டதைப் போதகரிட்டைக் கேளுங்கோ. அதுக்கு வலிக்குதோ எண்டு என்னட்டைக் கேளுங்கோ, நான் சொல்லுவன்" என்றார். அந்த நேரத்தில் கூட நிற்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம், நிற்க முடியாதவர்களைக் குறைவாக நினைப்பதில்லை என்றும் சொன்னார். ஆனால் மிருகம் கதவைத் திரும்பிப் பார்க்கும் என்று சொல்லிவிட்டு, அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல் நிறுத்திக்கொண்டார்.

இந்தத் தொழிலில் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்பவர்களின் வீதம் மற்றவர்களைவிடக் கூட என்பது இந்த நாட்டில் தெரிந்த துக்கம். வெட்லைஃப் என்று இரவு பகலாக இயங்கும் உதவித் தொலைபேசி அவர்களுக்கென்றே இருக்கிறது. தங்கை வீட்டுக்கு வரும் வழியில் இதைப் பற்றி நிறையக் கேட்டாள். அவளுடைய அம்மா அப்பாவுக்கு 'டொக்டர்' என்றால் மனித டொக்டர்தான், மாட்டு டொக்டருக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்பது அவர்கள் வாதம். படிப்பு ஐந்து வருடம், கேம்பிரிட்ஜில் ஆறு. உயிரியலும் இரசாயனவியலும் உயர்ந்த புள்ளிகளோடு வேண்டும். கேம்டனில் 1791இல் தொடங்கிய ரோயல் வெற்றினரி கொலிஜ் நம் வீடுகளிலிருந்து ரயிலில் போகும் தூரத்தில் இருக்கிறது. நாய்க்குட்டி பிடிக்கும் என்று சொன்னால் நேர்முகத்தில் இடம் தர மாட்டார்கள். பண்ணையில் சாணி அள்ளியிருக்க வேண்டும், ஆடு குட்டி ஈனும்போது நள்ளிரவில் நின்றிருக்க வேண்டும். இறைச்சிக் கூடங்களிலும் மிருக வைத்தியர் இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே ஞாயிறு மதியம் நாங்கள் சாப்பிடும் ஆட்டிறைச்சியும் ஒரு மிருக வைத்தியரின் மேற்பார்வையைத் தாண்டித்தான் வருகிறது. இதைச் சொன்னதும் அவளுடைய அப்பா கொஞ்சம் யோசித்தார். ஈஸ்டர் விடுமுறைக்கு அவள் கென்ட்டில் ஒரு ஆட்டுப் பண்ணைக்குப் போகிறாள். சப்பாத்து வாங்கியாகிவிட்டது.

ஒன்று மட்டும் எங்கள் பக்கத்திலிருந்து. 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற மிருக வைத்தியர் அல்லாதவர் உங்கள் மிருகத்துக்கு நோய் இன்னதென்று சொல்லி வைத்தியம் செய்ய முடியாது. ஆகவே தாதி அக்காவிடம் படம் அனுப்பி 'இது என்ன' என்று கேட்காதீர்கள். முரசு என்ன நிறம் என்று மட்டும் கேட்டுவிட்டு, கிளினிக்கின் இலக்கத்தைத்தான் தருவோம்.

பூனை இப்போது பழையபடி மதிலில் ஏறுகிறது. அம்மம்மாவின் பனடோல் பெட்டி, மூடி இறுக்கமான பிஸ்கட் தகரத்துக்குள் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. போன கிழமை அவரே தங்கையைக் கொண்டு அக்காவுக்கு அழைப்பு எடுப்பித்தார்.

"பிள்ளை, பூனைக்குக் கருவாட்டுத் தலை குடுக்கலாமோ? இன்னும் குடுக்கேல்லை. குடுக்க முதல்தான் கேக்கிறன்."

"வேண்டாம் அம்மம்மா, உப்புக் கூட."

"அப்ப சரி, அதை நானே குழம்பு வைக்கிறன்."